மைக்ரோ கண்ணாடி ஒப்டிகல் சுவிட்ச்: ட்ரிங்கோவில இருந்து செய்யேலுமா?

கடல்முகம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை கோணேசபுரி கம்பஸ், பைனல் இயர். ப்ரொஜெக்டுக்கு ஒப்டிகல் சுவிட்ச் ஒண்டு செய்வம் எண்டு யோசிக்கிறன், அதாவது ஒரு பைபர்ல வாற லைட்ட குட்டிக் கண்ணாடி ஒண்டால திருப்பி நாலு பைபர்ல எதுக்கு வேணுமோ அதுக்குள்ள விடுறது, நடுவில கரண்ட் சிக்னலா மாத்தாம லைட்டாவே. சேர் ஓம் எண்டும் சொல்லேல்ல வேணாம் எண்டும் சொல்லேல்ல, "முதல்ல என்னத்தால செய்யப்போறாய் எண்டு சொல்லு" எண்டிட்டுப் போயிட்டார். என்னட்ட பழுதாப்போன ப்ரொஜெக்டர் ஒண்டு கிடக்கு, உள்ளுக்க டிஎல்பி சிப், அதில லட்சக்கணக்கில கண்ணாடி இருக்காம். அதையே பாவிக்கேலாதா? ஆராவது இந்த லைன்ல வேலை செஞ்சாக்கள் இருந்தா சொல்லுங்க.

வாடைக்காத்து:
தம்பி நான் உப்புவெளிப் பக்கம்தான், இப்ப சிங்கப்பூர். பைபர் பார்ட்ஸ் பூட்டுற லைன்ல கனகாலம் நிண்டனான், அதால கொஞ்சம் சொல்லலாம்.

அந்த டிஎல்பி சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல லாரி ஹோர்ன்பெக் 1987ல கண்டுபிடிச்ச சாமான். நல்ல சாமான், ஆனா நீ கேக்கிற வேலைக்கு நேரா வராது. பழைய சிப்புகள்ல ஒரு கண்ணாடிக்கும் அடுத்ததுக்கும் இடையில 13.7 மைக்ரோன் அளவுதான். உன்ர பைபர்ல இருந்து வாற கதிர லென்ஸால நேராக்கினா அது நூற்றுக்கணக்கான மைக்ரோன் அகலம் வரும், ஒரு கண்ணாடியில அடங்காது, ஒரேயடியா நூற்றுக்கணக்கான கண்ணாடியில விழும். அப்ப அது கண்ணாடி மாதிரி நடக்காது, கிரேட்டிங் மாதிரி, அதாவது லைட்ட பல திசைக்குப் பிரிக்கிற கோட்டுத் தட்டு மாதிரி நடக்கும். நம்பாட்டி லேசர் பொயின்டர அந்தச் சிப்புல அடிச்சுப் பார், சுவர்ல ஒரு புள்ளி விழாது, வரிசை வரிசையா புள்ளிக் கூட்டமே விழும். அதோட அதுக்கு ரெண்டே நிலைதான், ஒரு பக்கம் 12 பாகை மற்றப் பக்கம் 12 பாகை, இடையில நிக்கச் சொன்னா நிக்காது. மேல உள்ள ஜன்னல் கிளாஸும் கண்ணுக்குத் தெரியிற லைட்டுக்குப் பூசினது. அந்தப் புள்ளிக் கூட்டத்தைக் கணக்குப் போட்டே சுவிட்ச் செஞ்ச ஆக்களும் இருக்கினம், ஆனா அது வேற கணக்கு, பைனல் இயருக்கு அது தலையிடி.

உனக்கு வேணும் எண்டது தனிக் கண்ணாடி ஒண்டு, அரை மில்லிமீட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டம், ரெண்டு பக்கமும் சரியக்கூடியது, எந்தக் கோணத்தில சொன்னாலும் அதில நிக்கக்கூடியது.

ஸ்ப்ளைஸ்மச்சான்:
கேக்கிறனெண்டு கோவிக்க வேணாம், இதெல்லாம் எதுக்கு? நான் நிலாவெளி, குச்சவெளி, மூதூர் எண்டு பைபர் ஒட்டித் திரியிறவன். லைன் மாத்தணும் எண்டா பைபர் எல்லாம் வந்து முடியிற ஓடிஎப் ரக்கத் திறந்து பட்ச் கோர்ட் எண்ட குட்டை இணைப்பு பைபரக் கழட்டி மற்றப் போர்ட்டில கொழுவினா முடிஞ்சுது. மிச்சத்த ரவுட்டர் பாக்குது. கண்ணாடி வெச்சு ஆட்டி என்ன காணப்போறம்? அதோட கரண்ட் போனா அந்தக் கண்ணாடி என்ன செய்யும்? 2022ல கரண்ட் வெட்டால நாங்க பட்ட பாடு உங்களுக்கும் தெரியும்தானே.

வாடைக்காத்து:
மச்சான் ரெண்டும் நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு வாறன். ரவுட்டர் என்ன செய்யுது, வாற லைட்ட கரண்ட் ஆக்கி, பக்கற்ற ஒவ்வொண்டா வாசிச்சு, திரும்ப லைட் ஆக்கி அனுப்புது. கண்ணாடிச் சுவிட்ச் ஒண்டையும் வாசிக்காது. கல்ஓயா சந்தியில மட்டக்களப்பு ரெயிலையும் எங்கட ரெயிலையும் பிரிக்கிறதுக்குப் பெட்டியத் திறந்து ஆள ஆளாக் கேட்டு அனுப்புறாங்களா, தண்டவாளத்தத் திருப்பினாக் காணும். அதுதான் இது. அதால வேகம் 100 ஜிகாவா 800 ஜிகாவா எண்டு கண்ணாடிக்குக் கவலையில்ல, ரெண்டு தொங்கல்லயும் கரண்ட் சிக்னல லைட்டாவும் லைட்ட கரண்டாவும் ஆக்கிற ட்ரான்ஸீவர மாத்தினாப் போதும், நடுவில உள்ள சுவிட்ச் அப்பிடியே கிடக்கும்.

கூகுள் இதச் சொந்தமாவே செஞ்சு தங்கட டேட்டா சென்டர்கள்ல போட்டிருக்காங்க, பெயர் பலோமார், 136க்கு 136 போர்ட். 2022ல அதப் பற்றிக் கட்டுரையும் போட்டாங்க. முழுப் பெட்டியும் கூடினாலும் 108 வாட்தான் எடுக்கும், இத்தனை போர்ட் உள்ள சாதாரண சுவிட்ச் எவ்வளவு எடுக்கும் எண்டு நீங்களே யோசிங்க. டிபியூ வி4 எண்ட அவங்கட ஏஐ மெஷின்ல 4096 சிப்பையும் இணைக்கிறதுக்கு இப்பிடி 48 சுவிட்ச். ஒரு ரக் பழுதானா அதச் சுத்தி விட்டுட்டு வேற ரக்கால இணைப்பு குடுக்கலாம், ஆரும் போய் வயர் கழட்டத் தேவையில்ல.

ஆனா மச்சான் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. கண்ணாடி திரும்பி நடுக்கம் அடங்கி நிக்கிறதுக்கு மில்லிசெக்கன் கணக்கில போகும், அதுக்குள்ள பக்கற் லட்சக்கணக்கில ஓடிப் போயிடும். ரவுட்டர்ட வேலைய இது எடுக்காது. உங்கட கை ஓடிஎப்ல செய்யிற வேலையத்தான் எடுக்கும்.

கரண்ட் போனா கண்ணாடி ஸ்ப்ரிங்கின்ர இழுவையில பழைய நிலைக்குப் போயிடும், அவ்வளவு இணைப்பும் துண்டிக்கும். அதால பெரிய சுவிட்சுகளுக்கு பட்டறி, ரெண்டு பவர் சப்ளை எல்லாம் கட்டாயம். வெளியில பெட்டிக்குள்ள வைக்கிற சின்னச் சுவிட்சுக்கு லட்ச் உள்ளதா எடுப்பாங்க, கரண்ட் போனாலும் விட்ட இடத்திலயே நிக்கும்.

கடல்முகம்:
அண்ணே 2டி 3டி எண்டு ரெண்டு வகை எண்டு வாசிச்சன், அது விளங்கேல்ல.

வாடைக்காத்து:
2டி எண்டா எல்லாக் கதிரும் ஒரே தளத்தில ஓடும். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டமாதிரி, ஒவ்வொரு சந்திப்புலயும் ஒரு கண்ணாடி, எழும்பி நிண்டா திருப்பும், படுத்தா விட்டிடும். ஓன் ஓப் ரெண்டுதான், அதால ஓட்டுறது லேசு. ஆனா 16க்கு 16 எண்டா 256 கண்ணாடி, 32க்கு 32 எண்டா 1024. அதோட ஒரு பாதை குட்டை ஒரு பாதை நீளம், லொஸ், அதாவது வழியில போற லைட் நட்டம், ஆளுக்கொரு மாதிரி வரும்.

3டி எண்டா உள்ள வாற பைபருக்கு ஒரு கண்ணாடி, வெளிய போறதுக்கு ஒரு கண்ணாடி. 320 போர்ட்டுக்கு 640 கண்ணாடி காணும். ஆனா ஒவ்வொரு கண்ணாடியும் ரெண்டு அச்சில, எந்தக் கோணத்துக்கும், மயிரிழை பிசகாம நிக்கணும். கஷ்டம் முழுக்க அங்கதான் போய்க் கிடக்கு.

2000ம் ஆண்டுப் பக்கம் இதுக்குப் பைத்தியமாத்தான் திரிஞ்சாங்க. லூசன்ட் 256 போர்ட்டோட லம்டா ரவுட்டர் எண்டு கொண்டு வந்தது, நோர்டெல் எக்ஸ்ரோஸ் எண்ட சின்னக் கொம்பனிய 325 கோடி டொலர் பெறுமதிப் பங்கு குடுத்து வாங்கிச்சு. சில வருஷத்தில சந்தை விழுந்து எல்லாம் பெட்டிக்குள்ள போயிட்டுது. எனக்கு எண்டா கண்ணாடியில பிழையில்ல, அவ்வளவு போர்ட் அந்த நேரம் ஆருக்குத் தேவைப்பட்டது எண்டதுதான் கேள்வி.

ஒளிக்கீற்று:
தம்பி, நான் பிசிக்ஸ் படிப்பிக்கிறனான். கண்ணாடி எவ்வளவு பெருசு, எவ்வளவு தூரத்தில வைக்கிறது எண்டு ஆசைக்குப் போடேலாது, அத லைட்டே முடிவு பண்ணும். ஒருக்காப் பென்சில எடுத்துப் போட்டுப் பாருங்க.

கதிர் ஒடுங்கின இடத்தில ஆரை 150 மைக்ரோன் எண்டு வைப்பம். 1550 நனோமீட்டர் லைட்டுக்கு ரெய்லி தூரம், அதாவது கதிர் பெருசா விரியாம ஓடுற தூரம், கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர் வரும், பையை ஆரை வர்க்கத்தால பெருக்கி அலைநீளத்தால பிரிச்சா வாறதுதான். அந்தத் தூரத்தில ஆரை ரூட் ரெண்டு மடங்கு, 212 மைக்ரோன். அப்ப ஒடுங்கின இடத்த நடுவில வெச்சு ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்சா இடைத்தூரம் 9 சென்ரிமீட்டர். கண்ணாடியின்ர விட்டம் கதிர் ஆரையப்போல மூண்டு மடங்கு இருந்தா லைட்டில 99 வீதம் அளவு திரும்பி வரும், அதாவது 640 மைக்ரோன். சரிவா விழுந்தா நீளப் பக்கம் இன்னும் கூட வேணும். தூரத்தக் கூட்டினா கதிர் விரியும், கண்ணாடி பெருக்கும், பெருத்தா பாரம், பாரம் கூடினா ஆட்டம் மெதுவாகும். ஒண்டத் தொட்டா மற்றது இழுபடும்.

இனிக் கோணம். அதே கணக்கில கடைசிக் கண்ணாடி 1 மில்லிரேடியன் பிசகினா கதிர் 2 மில்லிரேடியன் பிசகும், லொஸ் 3.2 டிபி (டெசிபெல், நட்டத்த அளக்கிற அலகு), பாதிக்கு மேல லைட் போயிட்டுது. 1 மில்லிரேடியன் எண்டா 0.06 பாகை கூட இல்ல தம்பி. பிசக பத்தில ஒண்டாக் குறைச்சா டிபி நட்டம் நூறில ஒண்டாகும், 0.03, அது பேசாம விடக்கூடிய அளவு. ஆகவே உங்களுக்குக் கண்ணாடி திரும்புதா எண்டது கேள்வியே இல்ல, 0.1 மில்லிரேடியனுக்குள்ள நாள் முழுக்க நிக்குதா எண்டதுதான் கேள்வி.

கடல்முகம்:
அக்கா இது சேர்ட லெக்சரவிட நல்லா விளங்குது 😄 அப்ப கண்ணாடிய வோல்டேஜ் குடுத்துத்தானே திருப்புறது, வோல்டேஜ சரியா வெச்சா கோணமும் சரியா நிக்கும்தானே?

ஒளிக்கீற்று:
நிக்காது, அதுக்கு ரெண்டு காரணம். கண்ணாடிக்குக் கீழ இலக்ட்ரோட் வெச்சு நிலைமின் விசையால இழுக்கிறது எண்டா விசை வோல்டேஜின்ர வர்க்கத்தில ஏறும், இடைவெளி குறையக் குறைய இன்னும் ஏறும், ஸ்ப்ரிங்கோ நேர்கோட்டிலதான் எதிர்க்கும். சமாந்தரத் தகடு ஒண்டு இடைவெளியில மூண்டில ஒரு பங்கு இறங்கின உடன ஸ்ப்ரிங் தோத்திடும், டக்கெண்டு போய் ஒட்டிடும். சரியுற கண்ணாடிக்கு இலக்கம் வேற, ஆனா கதை ஒண்டுதான். அதால சீப்புப் பல்லு மாதிரி ஒண்டுக்குள்ள ஒண்டு போற இலக்ட்ரோட் வைக்கிறாங்க, அதில இந்தக் கவிழுற வில்லங்கம் குறைவு.

ரெண்டாவது காரணம்தான் ஆளக் கொல்லுறது. இலக்ட்ரோடப் பிரிச்சு வைக்கிற ஒக்சைட் படை இருக்கெல்லோ, அதில மெல்ல மெல்ல சார்ஜ் ஏறும். வோல்டேஜ் அப்பிடியே இருக்கும், கோணம் நகர்ந்து போயிருக்கும். உள்ளுக்க ஈரம் இருந்தா இன்னும் மோசம், மேற்பரப்பால மின்சாரம் கசியும், நேர் வோல்டேஜ் பக்கத்தில சிலிக்கன் தானே ஒக்சைட் ஆகி வீங்கிப் பழுதாகும். எங்கட ஊர்க் காத்தைப் பற்றி நான் சொல்லவேணுமே.

வாடைக்காத்து:
அக்கா சொன்ன ஈரம்தான் எங்கட லைன்ல பெரிய கதை. கண்ணாடிச் சிப்ப பெட்டிக்குள்ள வெச்சு காய்ஞ்ச நைட்ரஜன் விட்டு, ஜன்னல் கிளாஸ உலோகத்தோட சோல்டர் பண்ணி மூடுறது. பசையால மூடினா கொஞ்ச நாளையில பசைக்குள்ளாலயே ஈரம் ஊறும், ட்ரிங்கோவில கார்த்திகை மார்கழி மழைக்கு அது ஒரு தடையே இல்ல. டெஸ்டுக்கு 85 பாகை சூடு 85 வீத ஈரப்பதன்ல கிழமைக்கணக்கா வைப்பாங்க, அதில தப்பினாத்தான் சாமான் வெளிய போகும்.

கண்ணாடியச் செய்யிறதும் கொஞ்சம் சொல்லுறன். எஸ்ஓஐ எண்டு நடுவில ஒக்சைட் படை உள்ள சிலிக்கன் வேபர், அத ப்ளாஸ்மாவால நேர்குத்தாக் கிண்டி கண்ணாடியும் ஸ்ப்ரிங்கும் வெட்டுறது. பேந்து கீழ உள்ள ஒக்சைட கரைச்சு கண்ணாடியத் தொங்க விடணும். தண்ணியில கழுவிக் காயவிட்டா காயேக்க தண்ணியே கண்ணாடிய கீழ இழுத்து ஒட்டிப்போடும், அதால எச்எப் (ஹைட்ரஜன் புளோரைட்) ஆவியில செய்வாங்க. மேல தங்கம் பூசுறது, 1550ல 98 வீதம் அளவு திருப்பும், ஒரு கண்ணாடிக்கு 0.1 டிபி கூடப் போகாது. ஆனா மெல்லிய சிலிக்கனுக்கு ஒரு பக்கம் மட்டும் தங்கம் பூசினா சூடு மாறேக்க கிண்ணம் மாதிரி வளையும், அதால கன பேர் ரெண்டு பக்கமும் ஒரே தடிப்பில பூசுவாங்க. கூகுள் ஆக்கள் ஒரு சிப்புல 176 கண்ணாடி செஞ்சு நல்லா வந்ததில 136ஐத்தான் பாவிக்கிறாங்க. அவ்வளவு பெரிய ஆக்களே எல்லாக் கண்ணாடியும் நல்லா வரும் எண்டு நம்பேல்ல பாருங்க.

ஸ்ப்ளைஸ்மச்சான்:
சரி சரி, இப்ப கொஞ்சம் சுவாரசியமாத்தான் கிடக்கு. அப்ப பைபர லென்ஸுக்கு முன்னால எப்பிடி நிப்பாட்டுறது? நாங்க ஸ்ப்ளைஸ் மெஷின்ல வெச்சா அதுவே கமராவால பாத்து நேராக்கி உருக்கிடும். இதில உருக்கவும் ஏலாதே.

வாடைக்காத்து:
மச்சான் அந்த இடத்திலதான் என்ர கண் போனது 😅 சின்னச் சுவிட்ச் எண்டா ஒரு குழாய்க்குள்ள பைபர் கட்டு, லென்ஸ், லென்ஸுக்குப் பின்னால குவியத்தில கண்ணாடி. பைபர் முனை எல்லாம் 8 பாகை சரிச்சுத் தேய்ச்சது, திரும்பிற வெளிச்சம் வந்த பாதையிலயே போய் லேசரக் குழப்பாம இருக்க. கண்ணாடி கொஞ்சம் சரிஞ்சா லைட் பக்கத்துப் பைபருக்குத் தாவும். லென்ஸ் குவியத்தூரம் 2 மில்லிமீட்டர், பைபர் ஒண்டுக்கொண்டு ஒட்டிக்கொண்டு 125 மைக்ரோன் எண்டா 1.8 பாகை சரிவு காணும்.

பூட்டேக்க பைபர்ல லேசர விட்டு, மற்றத் தொங்கல்ல பவர் மீட்டர வெச்சு, ஆறு அச்சு ஸ்டேஜ மைக்ரோன் மைக்ரோனா நகர்த்தி ஆகக் கூடின இலக்கத்தில நிப்பாட்டணும். பைபர் முனை 1 மைக்ரோன் விலகினா 0.16 டிபி, 2 மைக்ரோன் எண்டா 0.64, 4 மைக்ரோன் எண்டா 2.6 டிபி. இலக்கம் உச்சியில நிக்கும், ஊசியால பசைய ஒரு துளி வைப்பீங்க, யூவி லைட்ட அடிப்பீங்க, மீட்டர் அசையாம நிக்கும், "அப்பாடா" எண்டு மூச்சு விடேக்க கடைசி இலக்கம் ஆடத் தொடங்கும், பேந்து அதுக்கு முன்னால உள்ள இலக்கம் இறங்கும். பசை இறுகேக்க சுருங்குது, சுருங்கிற பக்கத்துக்கு பைபர இழுக்குது. ஒரு பக்கம் கூட மற்றப் பக்கம் குறைய வெச்சா கட்டாயம் இழுக்கும். சுத்திவர ஒரே அளவில மெல்லிசா வைக்கணும், யூவிய ரெண்டு பக்கத்தாலயும் ஒரே நேரம் அடிக்கணும், பேந்து அடுப்பில மெல்லிய சூட்டில வெச்சு மிச்ச இழுவையையும் முடிச்சுப்போடணும், இல்லாட்டி ஆறு மாசத்தில வெளியில போய் முடிக்கும். ஒரு மனேஜர் நேரம் மிச்சம் பிடிக்கிறதுக்கு அந்த அடுப்பு வேலையக் குறைச்சார், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பின பெட்டிகள நாங்கதான் இருந்து பிரிச்சது.

கடல்முகம்:
இதெல்லாம் வாசிக்க ப்ரொஜெக்ட மாத்துவமோ எண்டு வருது. க்ளீன் ரூமும் இல்ல ஸ்டேஜும் இல்ல.

ஒளிக்கீற்று:
மாத்த வேணாம், சின்னனாக்குங்க. கண்ணாடி செய்யிறத விடுங்க, லேசர் ஷோவுக்கு விக்கிற கல்வோ கண்ணாடி, அதாவது குட்டி மோட்டரால திரும்புற கண்ணாடி, ரெண்டு அச்சுக்கு வாங்கலாம். பைபருக்கு முதல்ல ப்ளாஸ்டிக் பைபர் எடுங்க, லைட் ஓடுற கோர் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர், 650 நனோமீட்டர் சிவப்பு லேசர், கண்ணுக்குத் தெரியும், கையாலயே நேராக்கலாம். நாலு பைபருக்கும் மாறி மாறி லைட் போகுது எண்டு காட்டினா பாதி ப்ரொஜெக்ட் முடிஞ்சுது. பேந்து அதே மேசையில சிங்கிள் மோட் எண்ட மெல்லிய கோர் உள்ள கண்ணாடி பைபர வெச்சுப் பாருங்க. 1550ல அதின்ர மோட் விட்டம், அதாவது உள்ளுக்க லைட் ஓடுற அகலம், 10.4 மைக்ரோன்தான். அப்பத்தான் விஷயம் பிடிபடும், அதையே ரிப்போர்ட்ல எழுதுங்க, எவ்வளவு நகர்ந்தா எவ்வளவு லொஸ் எண்டு க்ராப் கீறி.

என்னைக் கேட்டா உங்கட ப்ரொஜெக்டின்ர உயிர் கண்ணாடி இல்ல, கண்ணாடியப் பிடிச்சு வைக்கிற கொன்ட்ரோல். வெளிய போற லைட்டில 1 வீதத்த ஸ்ப்ளிட்டரால பிரிச்சு போட்டோ டயோடுக்குக் குடுங்க. மைக்ரோகொன்ட்ரோலர் கண்ணாடிய மிகச் சின்னதா அங்கால இங்கால ஆட்டிப் பாத்து, கூடுற பக்கத்துக்குப் போகட்டும். மத்தியானம் லாப் சூடேறேக்க, பின்னேரம் ஏசி போடேக்க கோணம் எவ்வளவு நகருது எண்டு ஒரு நாள் முழுக்கப் பதிஞ்சு வையுங்க, கொன்ட்ரோல் இல்லாம ஒண்டு, கொன்ட்ரோலோட ஒண்டு.

கடல்முகம்:
அக்கா கூகுள் கமராவால பாக்குதாமே, நானும் வெப்கேம் வெக்கட்டா? 1550ஐ வெப்கேமால பாக்கலாம்தானே?

ஒளிக்கீற்று:
பாக்கேலாது. சிலிக்கன் சென்சருக்கு 1100 நனோமீட்டருக்கு அங்கால கண் தெரியாது. கூகுளும் டேட்டா போற லைட்டப் பாக்கிறதில்ல, 850 நனோமீட்டர் லைட் ஒண்டத் தனியா அதே கண்ணாடிகள்ல அடிச்சு, அத கமராவால பாத்து கண்ணாடிகள நேராக்குது. கமரா ஒண்டே ஒரு வரிசைக் கண்ணாடி முழுக்கப் பாக்கும், கண்ணாடிக்கு ஒரு போட்டோ டயோட் எண்டு வைக்கத் தேவையில்ல. உங்கட வெப்கேம்ல ஐஆர் பில்டரக் கழட்டினா 850ஐப் பாக்கும். நாலு போர்ட்டுக்கு அது கூடிப்போன வேலை, போட்டோ டயோடே போதும், ஆனா நேரம் மிஞ்சினா செஞ்சு பாருங்க.

ஸ்ப்ளைஸ்மச்சான்:
தம்பி ஒண்டு மட்டும். 1550 கண்ணுக்குத் தெரியாது, லைன் செத்துக் கிடக்கு எண்டு நினைச்சு பைபர் முனையக் கண்ணுக்கு நேர பிடிக்கிற பழக்கம் எங்கட பொடியங்களிட்டயே இருக்கு. பவர் மீட்டர் வெச்சுப் பாத்திட்டுத்தான் தொடு. பிறகு ஒவ்வொரு தரமும் கொழுவ முதல் முனையத் துடை, உப்புக் காத்துல ரக்குக்குள்ள உள்ள கனெக்டரே படை பிடிச்சுக் கிடக்கு, மேசையில திறந்து கிடந்தாச் சொல்லத் தேவையில்ல.

கடல்முகம்:
நன்றி அண்ணே. கல்வோவும் ப்ளாஸ்டிக் பைபரும் எண்டு நாளைக்கு சேரிட்டச் சொல்லுறன். சிங்கிள் மோட் பக்கத்துக்கு மட்டும் பிக்டெயில், ஒரு முனையில கனெக்டர் பூட்டின குட்டைப் பைபர், எங்க எடுக்கிறது எண்டு தெரியேல்ல, கொழும்புக்கு ஓடர் போட்டா கனக்கச் சொல்லுறாங்க.

ஸ்ப்ளைஸ்மச்சான்:
வெட்டி மிஞ்சின பிக்டெயில் என்னட்டக் கிடக்கு, காசு ஒண்டும் வேணாம். சனிக்கிழமை உவர்மலைப் பக்கம் வேலை, நாலு மணிக்குப் பிறகு வந்தியெண்டா எடுக்கலாம். பச்சைத் தலை உள்ளதும் நீலத் தலை உள்ளதும் கலந்துதான் தருவன், பச்சை 8 பாகை சரிச்சுத் தேய்ச்சது, நீலம் நேரா. ரெண்டையும் ஒண்டுக்கொண்டு கொழுவிப்போடாத, லொஸும் ஏறும், முனையும் சுரண்டுப்படும்.